"ஆள் இல்லை" என்ற பதிலும் அறுபது நாள் கணக்கும்



இந்த நினைவுநாளில் இரங்கல் உரை வேண்டாம், களத்தில் உதவுகிற எதையாவது பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே காவல் நிலையங்களில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு பதிலை எடுத்துக்கொள்கிறோம்: "ஆள் இல்லீங்க."

இது முழுப் பொய் அல்ல. திருப்பாச்சூரில் நின்று பார்த்தாலே தெரியும். திருப்பதி சாலையில் விபத்துகள், பக்கத்தில் காக்களூர் தொழிற்பேட்டை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியிலும், ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்திலும் பந்தோபஸ்து. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், அதற்கப்பால் எளாவூர் சோதனைச் சாவடி. அமைச்சர் வருகிறார் என்றால் அன்றைக்கு நிலையத்தில் பாரா காவலரும் எழுத்தரும்தான் மிச்சம்.

தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறார்கள். பெரும்பகுதி சம்பளமாகப் போய்விடும். விசாரணைச் செலவுக்கென்று நிலையத்தின் கையில் நிற்பது சொற்பம். அந்தக் குறையை ஈடுகட்டுவது யார்? நாங்கள் துணைக்குப் போன ஒரு நிலையத்தில், சம்பவ இடத்தைப் பார்க்க வருவதற்கு வண்டிக்கு டீசல் போடச் சொன்னார்கள். மனு கொடுத்தவர் செங்கல் சூளைக் கூலி. சி.எஸ்.ஆர். ரசீதுக்கே மூன்று நாள் அலைந்தோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதியோ, பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் விசாரணைக்கு வந்துபோகும் செலவை அரசே தரவேண்டும் என்கிறது!

பற்றாக்குறை எல்லோர்மீதும் சமமாக இறங்குவதில்லை. இங்கிலாந்தில் 2010க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் சுமார் 20,000 காவலர்கள் குறைந்தார்கள். அங்கே அதிகம் தேய்ந்தது, தெருவுக்குத் தெரிந்த முகமாக இருந்த காவலர் பணி. இங்கே தேய்வது சேரியின் மனு.

ஆனால் ஆள் கிடைக்கும் நாளும் உண்டு. கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கத்தில் 2020 ஆகஸ்ட் 15 அன்று, ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்தது. 20ஆம் தேதி, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் கைதும் நடந்தன. அதே ஒன்றியத்தின் தோக்கமூரில் தீண்டாமைச் சுவர் பல ஆண்டுகள் நின்றது. 2022 அக்டோபரில்தான் அதிகாரிகள் இடித்தார்கள். ஆத்துப்பாக்கத்தின் அந்த ஐந்து நாளில் மாவட்டத்துக்குப் புதிதாக யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. இருந்தவர்களை அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

எதை முதலில் பார்ப்பது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்குச் சட்டம் விடவும் இல்லை. 1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதியைப் படியுங்கள். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக்கூடாது. அவர் விசாரணையை மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்து முடிக்கவேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கல் உட்பட மொத்தம் 60 நாள். தாமதமானால் அதற்கான காரணத்தை அவரே எழுத்தில் தரவேண்டும். ஒரு டி.எஸ்.பி.யின் கீழ் பல நிலையங்கள், எல்லா பந்தோபஸ்தும் அவர் தலையில் என்பது உண்மை. அப்படியானால் பந்தோபஸ்துக்கு வேறொருவரைப் போடட்டும். 7ஆம் விதியில் திருவிழாவுக்கு விலக்கு இல்லை.

இந்தத் தாமதம் வீட்டுச் செலவிலும் இடிக்கும். பல குற்றங்களுக்கு நிவாரணத் தொகையில் கால் பங்கு முதல் தகவல் அறிக்கையோடும், பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனபிறகும் கிடைக்கும். குற்றப்பத்திரிகை கிடப்பில் கிடந்தால் அந்தப் பாதியும் கிடப்பில்தான். நிதி இல்லை என்ற பேச்சும் அரைகுறையானது. இச்சட்டத்தை நடைமுறைப்படுத்த மாநிலம் தன் வழக்கமான செலவுக்கு மேல் செலவிடுவதில் பாதியை ஒன்றிய அரசு தருகிறது. மீதிப் பாதியை மாநிலம் ஒதுக்கவேண்டும். அதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கவேண்டியது நாம்தான்.

எங்கே கேட்பது? 17ஆம் விதிப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். காவல் கண்காணிப்பாளரும் எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். மாணவ நண்பர்கள் இதைக் கையில் எடுக்கலாம். உங்கள் பகுதி வழக்குகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: முதல் தகவல் அறிக்கை எண், தேதி, 60ஆம் நாள் எது, குற்றப்பத்திரிகை போனதா, தாமதத்துக்கு எழுத்தில் காரணம் தந்தார்களா, பயணப்படி கொடுத்தார்களா. கூட்டத்துக்கு முன்பே அந்தப் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரட்டும். ஒப்புகை முத்திரை வாங்க மறக்காதீர்கள்.