நூலுக்கு நான்கு, துணிக்கு எட்டு

சஞ்சீவி மலையின் அடிவாரத்தில் உள்ள ராஜபாளையத்தில் 1936-ஆம் ஆண்டில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லைத் தோற்றுவித்தது முதலாக, அவ்வூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பருத்தியையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு பெரும் சமுதாயம் வளர்ந்து வந்திருக்கிறது. மில்களில் நூல் நூற்கிறார்கள். சத்திரப்பட்டி விசைத்தறிகளில் காயத்திற்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள்.

இருபத்தேழு தேசங்கள் கூடிய ஐரோப்பிய ஒன்றியமோ, அயல்நாட்டுப் பருத்தி நூலுக்குப் பொதுவாக 4 சதவீதமும், துணிக்கு 8 சதவீதமும், தைத்த ஆடைக்கு 12 சதவீதமும் சுங்கத் தீர்வை விதித்து வருகிறது. உழைப்பு ஏற ஏற வரியும் ஏறுகிறது. கச்சாப் பொருளை அனுப்புகிறவனுக்கு வரவேற்பும், கைவேலையைச் சேர்த்து அனுப்புகிறவனுக்குத் தண்டமும் என்பதே இதன் தாத்பரியம். வங்காள தேசமோ, மிகப் பின்தங்கிய நாடுகளுக்கென 2001-இல் அளிக்கப்பட்ட சலுகையினால் தீர்வையே இன்றி ஆடை அனுப்புகிறது. அந்த ஆடைகளுக்கு வேண்டிய நூலில் கணிசமான பாகம் நம் பாரத தேசத்து மில்களிலிருந்தே செல்கிறது. நூலை விற்றுவிட்டுத் தையற்கூலியைப் பிறரிடம் இழக்கும் இந்நிலை எனக்குப் பெரும் மனத்தாங்கலை அளிக்கிறது.

நம் தேசத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2007-இல் தொடங்கி, 2013-இல் முறிந்து, 2022-இல் புத்துயிர் பெற்ற வர்த்தகப் பேச்சு, 2026 ஜனவரி 27 அன்று புதுதில்லியில் பூர்த்தியானதாக அறிவிக்கப்பட்டது. உடன்படிக்கை அமலுக்கு வந்தால் ஜவுளித் தீர்வை நீங்கும். பால் பொருள்களை நம் சர்க்கார் விலக்கி வைத்தமையால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் கறந்து கொடுக்கும் குடும்பங்களும் அச்சமின்றி இருக்கலாம்.

ஆனால் சத்திரப்பட்டியின் சங்கடம் தீர்வையன்று. சிகிச்சைக்கென்று தயாராகிப் பொட்டலமிட்ட பேண்டேஜுக்கு ஐரோப்பாவில் முன்பே சுங்கம் கிடையாது. அதைத் தடுப்பது, 2021 மே 26 முதல் அமலில் உள்ள மருத்துவச் சாதன விதிகள் கேட்கும் பரிசோதனைகளும் தஸ்தாவேஜுகளும் தரச் சான்றுகளுமே. பெரிய ஸ்தாபனங்கள் அச்செலவைத் தாங்கும். சில தறிகளை மட்டும் வைத்து ஜீவிப்பவர் தாங்கார். எனவே அவர் துணியைச் சுருளாகவே விற்கிறார். சுத்திகரித்துப் பொட்டலமிடும் லாபம் வேறொருவரைச் சேர்கிறது.

மத்திய, மாநில சர்க்கார்கள் இந்தச் சிறு நெசவாளர்களை ஒரு சங்கமாகத் திரட்டி, சான்று பெறும் செலவில் பாதியையேனும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை உடன்படிக்கை அமலாகும் முன்பே செய்ய வேண்டும்.