தாமரை இலையும் கரி நூலும்

ஒட்டாத உறவைத் "தாமரை இலைத் தண்ணீர்" என்று குறைவாகச் சொல்லுகிறோம். ஆனால் பெட்ரோல் இல்லாமல் ஓடும் ஒருவகை மோட்டார் காருக்கு அந்த ஒட்டாத குணம்தான் உயிர்நாடி என்றால் நம்புவீர்களா?

ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்தால் தண்ணீர் உண்டாகும். அப்படிச் சேரும்போதே மின்சாரத்தையும் கறந்துகொள்ளலாம் என்று 1842-ல் காட்டினார் வில்லியம் குரோவ் என்ற பிரிட்டிஷ்காரர். தொழிலில் வக்கீல்; பிற்காலத்தில் நீதிபதி! அந்த எரிபொருள் மின்கலத்தின் வம்சம்தான் சந்திரனுக்குப் போன அப்பல்லோ கப்பல்களில் மின்சாரமும், யாத்ரிகர்களுக்குக் குடிதண்ணீரும் தந்தது. 2014-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரிலும் இதுவே. புகை கிடையாது, குழாயில் தண்ணீர்தான் வரும்.

அந்தத் தண்ணீரில்தான் சங்கடமும் இருக்கிறது. கலத்தின் நடுவே ஒரு சவ்வு. இருபுறமும் பிளாட்டினத் துகள்கள். அவற்றுக்கு வெளியே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனமுள்ள கரி நூல் காகிதம். வாயு இதன் வழியே உள்ளே போகவேண்டும். தண்ணீர் வெளியே வரவேண்டும். துவாரங்களில் தண்ணீர் தங்கிவிட்டாலோ, கலம் மூச்சுமுட்டிச் சோர்ந்துவிடும்.

கரி நூல் எங்கிருந்து வருகிறது? ஸ்வெட்டர் பின்னுகிறோமே, அந்த அக்ரிலிக் நூலின் ஜாதிதான். அதை முதலில் காற்றில் பதமாகச் சூடேற்றி, பிறகு காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் வாட்டுகிறார்கள். தலைமயிரில் பத்தில் ஒரு பங்குதான் பருமன்!

தண்ணீர் ஒட்டாமலிருக்க, காகிதத்தை டெஃப்லான் கலந்த பால் போன்ற நீரில் தோய்த்து, உலர்த்தி, சுமார் 350 டிகிரிச் சூட்டில் வைக்கிறார்கள். ஆம், 1938-ல் ராய் பிளங்கெட் கண்டுபிடித்த, நம் ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே டெஃப்லான்! அது உருகி நூலில் படிந்தபின், தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடுகிறது. ஆனால் உப்பைப் போல இதற்கும் அளவு உண்டு. மிஞ்சினால் துவாரம் அடைபடும், மின்சாரமும் தடைப்படும்.

எதிர்ப் பக்குவமும் உண்டு. நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால், கரியின்மேல் பிராணவாயு பிணைந்துகொள்ளும். உடனே அது தண்ணீரோடு உறவு கொண்டாடும். பிளாட்டினத் துணுக்குகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பிளாட்டினத்தின் விலை நகைக்கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு துணுக்கும் வீணாகாமலிருந்தால்தானே கார் விலை கட்டுப்படியாகும்?

கரி ஒன்றுதான். ஒட்டுவதும் ஒட்டாததும், அதன் மேனிக்குச் செய்யும் பக்குவத்தில் இருக்கிறது!