பள்ளத்தில் இறங்கும் பனி

கார்த்திகை தீபம் முடிந்தால் போதும், "ஏனுங், இந்த வருஷம் பனி எப்படிங்?" என்று கேட்காத ஆள் சேவூர்ப் பக்கம் கிடையாது. டீக்கடையில் பேப்பரை விரித்தால் பதில் இருக்கும். குளிர் இயல்பை ஒட்டி இருக்கும், அல்லது இரவு வெப்பநிலை இயல்பைவிடச் சற்றுக் கூடும் என்று போட்டிருப்பார்கள். படித்துவிட்டு என்ன செய்வது? விவசாயத்துக்கு வந்த இந்தச் சில வருடங்களில் எனக்குப் புரிந்தது, அந்த முன்னறிவிப்பு பொய் இல்லை. ஆனால் அது என் தோட்டத்துக்கு என்று எழுதப்பட்டதும் இல்லை.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வருடம், கிணற்றுப் பக்கம் தாழ்வாக இருந்த அரை ஏக்கரில் கல்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் அவரை போட்டேன். அவரை பனிக்காலப் பயிர், தண்ணீரும் பக்கத்திலேயே, வேறென்ன வேண்டும் என்று நினைப்பு. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வேலிக்கு அந்தப்புறம் நின்று பார்த்துவிட்டு, "பள்ளத்துல வெச்சுட்டீங்களே தம்பி, பனி அங்கதானுங் வந்து உக்காரும்" என்றார். வானம் எல்லோருக்கும் பொது, இதில் பள்ளமென்ன மேடென்ன என்று படித்த மூளை சொல்லியது. மார்கழிக் கடைசியில் இலைகள் மாவு தூவியதுபோல வெளுத்தன. சாம்பல் நோய். தை பிறக்கும்போது பூ கொட்டிவிட்டது. மேட்டு வேலியில் சும்மா ஏற்றிவிட்ட நாலு கொடி மட்டும் மாசி வரை காய்த்தது. கல்லுக்கும் கம்பிக்கும் போட்டது என் பணிக்கொடைப் பணம்.

ஆத்தா சொன்னதற்கு விளக்கம் எனக்கு ஊட்டியில்தான் கிடைத்தது. அங்கே உறைபனி முதலில் விழுவது உச்சியில் அல்ல. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காப் புல்வெளி என்று தாழ்வான இடங்கள்தான் முதலில் வெளுக்கின்றன. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சரிவில் நிற்கும் தேயிலை தப்பிக்க, அடியில் உள்ள தேயிலை கருகிப்போவதுண்டு. "ஊட்டியில் 3 டிகிரி, உறைபனி இல்லை" என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். வானிலை நிலையத்து வெப்பமானி சுமார் 4 அடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. புல் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும்.

நம் ஊரில் உறைபனி கிடையாது. ஆனால் அதே வேலை சின்ன அளவில் இங்கும் நடக்கிறது. இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றைக் கிணற்றுப் பள்ளத்திலும் இன்னொன்றை மேட்டிலும் கட்டினேன். இரண்டுக்கும் உயர வித்தியாசம் இருபது அடி இருந்தால் அதிகம். மேகம் மூடிய இரவிலும், வாடை வீசிய இரவிலும் இரண்டும் ஒரே கணக்குக் காட்டின. வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் பள்ளம் 2, சில நாள் 3 டிகிரி கீழே போனது. அங்கே இலையில் ஈரம் காலை ஒன்பது மணி வரை நின்றது. மேட்டில் ஏழரைக்கே காய்ந்துவிட்டது. சாம்பல் நோய்க்கு மழை தேவையில்லை, இரவில் குளிர்ந்த ஈரக்காற்றும் பகலில் வறட்சியும் போதும். நிலக்கடலையில் டிக்கா இலைப்புள்ளிக்கு இலை நனைந்திருக்கும் நேரம்தான் கணக்கு. எங்கள் அவிநாசி வட்டாரத்தில் கடலை போடாத தோட்டம் குறைவு, அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

வங்கியில் ஒரு கணக்கின் மாதச் சராசரி இருப்பு நன்றாக இருக்கும். ஏழாம் தேதி வந்த காசோலை மட்டும் திரும்பிப் போகும். பருவகால முன்னறிவிப்பு சொல்வது அந்தச் சராசரியை. பயிர் கெடுவது அந்த ஏழாம் தேதியில்.

மழைக்கும் இதே கதைதான். லா நினா வந்தால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை குறையும் என்பது பொதுவான அனுபவம். 2016ல் அப்படியே நடந்தது, மாநிலத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. நவம்பரில் நாங்கள் கவுண்டரில் பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற உழவர்கள் வானத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த நினைப்பிலேயே 2021லும் லா நினா என்றதும் விதைப்பைப் பாதியாகக் குறைத்தேன். அந்த வருடம் மழை சுமார் 59 விழுக்காடு அதிகம்! முன்னறிவிப்பு என்பது வாய்ப்புக் கணக்கு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது என் தப்பு.

இப்போது பருவ முன்னறிவிப்பை நான் எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று யோசிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் விடுவதும் கரைசல் தெளிப்பதும் செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான். மேகதூத் செயலியிலும் அது கிடைக்கும். அதில் நான் முதலில் தேடுவது மழையை அல்ல, மேக மூட்டத்தையும் காற்றின் வேகத்தையும். வானம் தெளிவு, காற்று குறைவு என்று மூன்று நாள் சேர்ந்து வந்தால், புளித்த மோரோ சூடோமோனாஸோ முன்கூட்டியே தெளித்துவிடுவேன். நோய் தெரிந்த பிறகு தெளித்தால் பாதிப் பலன்தான். மோர் என்றதும் சிரிக்க வேண்டாம். பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துச் சாம்பல் நோய் கட்டுப்பட்டதை 1999லேயே வெளியிட்டிருக்கிறார். பனி ஈரம் இருக்கும்போது செடிக்குள் நுழைந்து களை எடுப்பதும் காய் பறிப்பதும் கூடாது. நோயை நாமே கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போவதாகிவிடும்.

மலைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒன்று. இதைச் சொன்னால் நம் ஆட்களே சண்டைக்கு வருவார்கள். உறைபனி வரும் இரவில் மூடாக்கு உதவாது, கெடுதலும் செய்யும். பகலில் மண் வாங்கிய சூடுதான் இரவில் செடியைக் காப்பது. காய்ந்த மூடாக்கு அந்தச் சூட்டை மண்ணுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், மேலே இருக்கும் இலை உறையும். அந்த நாட்களில் மூடாக்கை வரிசைக்கு நடுவே ஒதுக்கிவிட்டு, மண்ணை ஈரமாக வைத்திருப்பது மேல். ஈர மண் சூட்டைக் கூடுதலாகச் சேமிக்கும். மூட வேண்டியது செடியின் தலையை. மாலையில் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடலாம். சமவெளியில் நமக்கு இந்தக் கவலை இல்லை, மூடாக்கு இருக்கட்டும்.

பனி எல்லாப் பயிருக்கும் எதிரியும் இல்லை. குடிமங்கலம் பக்கம் கொண்டைக்கடலை போடுகிறவர்களைக் கேளுங்கள், மார்கழி வெதுவெதுப்பாகப் போனால்தான் அவர்களுக்கு வருத்தம். "இரவு வெப்பநிலை இயல்பைவிடக் கூடும்" என்ற ஒரு வரி அவர்களுக்குக் கெட்ட செய்தி, அவரைக்காரனுக்கு நல்ல செய்தி.

என் பந்தல் இப்போது மேட்டில் இருக்கிறது. கல்காலைப் பிடுங்கி நடுவதற்கு இரண்டு நாள் ஆள் கூலி ஆனது. பள்ளத்தில் கொண்டைக்கடலை விதைத்திருக்கிறேன். காலையில் வெப்பமானியைப் பார்க்கப் போனால் ஆத்தா வேலியோரம் வந்து "என்னங் தம்பி சொல்லுது?" என்று கேட்பார். நான் பதினேழு என்பேன். "அப்படீங்களா" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.