"ஸ்டார் டிரெக்"கை கிண்டல் செய்த படக்கதைகள்! ஒன்று தப்பியது, ஒன்று கோர்ட்டில் மாட்டியது

பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரத்தில் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு கட்டியங்காரனைத் தெரியாமல் இருக்காது. துரியோதன மகாராஜா கிரீடம் வைத்துக்கொண்டு கர்ஜிப்பார். "ஏன் சாமி கத்தறீங்க? எனக்கு நல்லாத்தான் காது கேக்குது" என்கிற மாதிரி ஒரு போடு போடுவான் கட்டியங்காரன். ஜனங்கள் சிரிப்பார்கள். ராஜா கோபித்துக்கொள்ள முடியாது. அது கூத்தின் வழக்கம்.

அச்சில் வரும் படக்கதைக்கும் அந்த சலுகை உண்டா? அமெரிக்காவில் ஒரு விண்வெளி டெலிவிஷன் தொடரை வைத்து விளையாடியவர்களின் கதை இது. விவரம் வருமாறு:-

"ஸ்டார் உவ்வே!"

1966-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது "ஸ்டார் டிரெக்". கேப்டன் கிர்க், கூர்க்காது மிஸ்டர் ஸ்பாக், "எண்டர்பிரைஸ்" என்ற விண்கப்பல். வாரம் ஒரு ஆபத்து. 1980-களில் நம்ம தூர்தர்ஷனிலும் ஞாயிறு காலையில் வந்ததுதான். வயதில் மூத்தவர்களுக்கு அந்தக் காது ஞாபகம் இருக்கும்.

1967 டிசம்பர் "மேட்" இதழ் இந்த தொடரை ஒரு பிடி பிடித்தது. எழுதியவர் டிக் டிபார்டோலோ. வரைந்தவர் மார்ட் டிரக்கர். ஆளை அப்படியே வரைந்துவிட்டு, ஒரு நூல் மட்டும் கூடுதலாக இழுத்துவிடுவது டிரக்கரின் கைவேலை. தலைப்பு "ஸ்டார் பிளெக்". "பிளெக்" என்பது குமட்டலில் வரும் சத்தம். நம்ம பாஷையில் சொன்னால், "ஸ்டார் உவ்வே"!

மானநஷ்ட வழக்கா? அதெல்லாம் இல்லை. கிர்க்காக நடித்த ஷாட்னரும் ஸ்பாக்காக நடித்த நிமாயும் அந்த இதழைப் பார்த்துக்கொண்டிருக்கும் போட்டோ இன்றும் ரசிகர்களிடம் உலவுகிறது.

"மேட்" காரர்களுக்கு தைரியம் வந்ததற்கு காரணம் உண்டு. அதற்கு முன்பே பிரபல பாடல்களின் மெட்டுக்கு கேலிப் பாட்டு எழுதி வழக்கில் சிக்கியவர்கள் அவர்கள். வழக்கு போட்டவர்களில் பாடலாசிரியர் இர்விங் பெர்லினும் ஒருவர். 1964-ல் அப்பீல் கோர்ட்டு "மேட்" பக்கமே தீர்ப்பு சொன்னது.

பிறகு "ஸ்டார் வார்ஸ்" சினிமாவை கிண்டல் செய்தபோது, பட கம்பெனி வக்கீல்களிடமிருந்து காரமான லெட்டர் வந்ததாம். "மேட்" ஆசிரியர் குழு அசரவில்லை. அதே கிண்டலைப் பாராட்டி டைரக்டர் ஜார்ஜ் லூக்காஸ் எழுதியிருந்த லெட்டரின் நகலை திருப்பி அனுப்பியது. வக்கீல்கள் கப்சிப்!

மாட்டிய புத்தகம்

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. ஸ்டார் டிரெக்குக்கே கதை எழுதிய டேவிட் ஜெரால்டும், ஓவியர் டை டெம்பிள்டனும் 2016-ல் ஒரு வேடிக்கைப் புத்தகம் தயாரித்தார்கள். குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸின் படங்களையும் எதுகை நடையையும் எடுத்து, அதற்குள் விண்கப்பல்காரர்களை இறக்கிவிட்டார்கள்.

சூஸ் கம்பெனி வழக்கு போட்டது. 2019-ல் கீழ்க்கோர்ட்டில் படக்கதைக்காரர்களுக்கு வெற்றி. 2020 டிசம்பரில் அப்பீலில் தோல்வி. காரணம் கவனிக்க வேண்டியது. "நீங்கள் சூஸை கிண்டல் செய்யவில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு கதை சொன்னீர்கள்" என்பதுதான் தீர்ப்பின் சாரம். ராஜாவைப் பார்த்து சிரித்தால் கட்டியங்காரன். ராஜாவின் நகையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் கதை வேறு.

நம்ம ஊரில்?

இங்கே யாராவது டி.வி. தொடரை கேலி செய்து வரைந்தால் என்ன ஆகும்? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் "விமர்சனம்" என்ற வார்த்தை இருக்கிறது. "கிண்டல்" இல்லை! விமர்சனத்துக்குள்தான் கிண்டலை நுழைத்தாக வேண்டும்.

பக்கத்து கேரளத்தில் அப்படி நடந்திருக்கிறது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்டு நாடகத்துக்கு சிவிக் சந்திரன் எதிர் நாடகம் எழுதினார். பழைய நாடகத்தின் பாத்திரங்களையும் வசனங்களையும் அதில் கொண்டுவந்தார். பாசியின் குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். மூலத்தை விமர்சிக்கத்தான் எடுத்திருக்கிறார், திருடுவதற்கு அல்ல என்று 1996-ல் கேரள ஐகோர்ட்டு சொன்னது. நாடகத்துக்கு இருந்த தடை நீங்கியது.