யார் சொன்ன சேதி புதிது?

மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் மிகுந்தால் கொள்ளிடத்துக்கும் ஒரு பங்கு போகும். பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டியும் அரசலாறும், வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் கிளைக்கின்றன. அவற்றிலிருந்து வாய்க்கால்கள்; அவற்றிலிருந்து இன்னும் சிறிய வாய்க்கால்கள். பிரிகிற இடங்களிலெல்லாம் மதகுகள். இத்தனை மதகுகளையும் ஒருவரே ஓரிடத்தில் நின்றுகொண்டு ஏற்றி இறக்க முடியாது. ஒவ்வொரு மதகிலும் நிற்பவர் தம் கண்ணுக்குத் தெரிவதையும், பிறரைச் சந்திக்கும்போது காதில் விழுவதையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும்.

மாணவ நண்பர்களே, கற்பனையாக ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். அதில் மேல்மதகு, கீழ்மதகு என இரண்டு மதகுகள். தண்ணீர் குறைவான காலம். ஊரார் கூடி, “இரண்டு மதகும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது” என்று ஒரு விதி செய்கிறார்கள். மீறினால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே நாற்று காய்ந்துபோகும். விதி ஒரே வரிதான். ஆனால், மேல்மதகுக்காரர் எப்போது என்ன செய்ய வேண்டும், கீழ்மதகுக்காரர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று இருவருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதித் தாருங்கள் என்றால் பேனா நின்றுவிடும். விதி இருவரையும் சேர்த்துப் பேசுகிறது. ஆட்களோ தனித்தனியே நிற்கிறார்கள்.

கணிப்பொறி உலகில் இதே சங்கடம் தினந்தோறும் எழுகிறது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, தொலைபேசி இணைப்பகம் எல்லாவற்றிலும் பல பொறிகள் ஒரே சமயத்தில் வேலை செய்கின்றன. இவற்றை உடனிகழ் அமைப்புகள் என்போம். முழு அமைப்பும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதியை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு பொறிக்கும் உரிய சீட்டை, அதாவது புரோகிராமை, கணிப்பொறியே எழுதித் தருமா? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

மனிதர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். என் சிறு வயதில் தஞ்சாவூர்–கும்பகோணம் ரயில் பாதை மீட்டர்கேஜ் ஒற்றைப் பாதையாக இருந்தது. வண்டி நிலையத்தைக் கடக்கும்போது, தோல் பையோடு கூடிய ஒரு பெரிய பிரம்பு வளையத்தை ஓட்டுநர் பக்கம் நீட்டுவார்கள். பைக்குள் ஓர் உலோக உருண்டை இருக்கும். அதுதான் டோக்கன். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. அந்த நிலையத்தார் தம் பெட்டியின் பொத்தானை அழுத்தினால்தான் இந்த நிலையத்தார் உருண்டையை எடுக்க முடியும். எடுத்த உருண்டை இரண்டில் ஒரு பெட்டிக்குத் திரும்பும் வரை இன்னோர் உருண்டை வெளியே வராது. உருண்டை கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார்.

“ஒரு பகுதியில் ஒரே வண்டிதான்” என்ற விதியில் உருண்டையும் இல்லை, வளையமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவற்றை ஒரு மனித மூளை கண்டுபிடித்துச் சேர்த்தது. அந்தக் கண்டுபிடிப்பையும் சேர்த்துத்தான் கணிப்பொறியிடம் கேட்கிறோம்.

மனிதர்களே எழுதிவிட்டுச் சோதித்துப் பார்த்தால் போதாதா? போதாது. இருவர் ஆளுக்குப் பத்து வேலை செய்கிறார்கள் என்று வையுங்கள். அந்த இருபது வேலைகளும் முன்பின்னாகக் கலந்து வரக்கூடிய வரிசைகள் 1,84,756. ஆட்கள் மூவரானால் அது ஐந்தரை லட்சம் கோடியைத் தாண்டுகிறது. (சேர்மானக் கணக்குப் படித்தவர்கள் சரிபார்க்கலாம்.) ஆயிரம் முறை சரியாக ஓடியது என்பது எந்த உறுதியையும் தராது.

இது வெறும் எண் பயமுறுத்தல் அன்று. தெராக்-25 என்ற புற்றுநோய்ச் சிகிச்சைப் பொறியில் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். அவற்றில் சில விபத்துகளுக்குக் காரணம், ஒரே சமயத்தில் நடந்த இரண்டு வேலைகள் ஒன்றையொன்று தவறவிட்டதுதான். பொறி தன் காந்தங்களைச் சரிசெய்ய எட்டு வினாடிபோல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் இயக்குபவர் திரையில் ஒரு திருத்தத்தைச் செய்து முடித்துவிட்டால் பொறியின் மற்றப் பகுதி அதைக் கவனிக்கவே இல்லை. புதிதாக வேலைக்கு வந்து மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களிடம் இந்தப் பிழை தலைகாட்டவில்லை. கை பழகியவர்களிடம்தான் அது வெளிப்பட்டது!

ஆகவே, எழுதிச் சோதிப்பதை விட விதியிலிருந்தே நேராகக் கட்டிவிடலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1957-ல் அமெரிக்கத் தர்க்கவியலார் அலோன்சோ சர்ச் இதை ஒரு கணக்காகவே முன்வைத்தார். 1969-ல் பூக்கி, லேண்ட்வெபர் என்ற இருவர் அதற்கு விடை கண்டார்கள். நம் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் அவர்களுடைய வழி எளிதில் புரியும். வெளியுலகம் புலி, கட்டவேண்டிய பொறி ஆடு. புலி எங்கே நகர்த்தினாலும் விதி மீறப்படாதபடி பதில் நகர்த்தும் தந்திரம் ஒன்று ஆட்டிடம் உண்டா? உண்டென்றால் அந்தத் தந்திரமே புரோகிராம். இல்லையென்றால் அப்படிப்பட்ட பொறியை யாராலும் கட்ட முடியாது. இரண்டில் எது என்று கணக்கிட்டே சொல்லிவிடலாம் என நிறுவினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பொறி கட்டும் பொறி, விதியை எழுத்துக்கு எழுத்து நம்பும். “இரண்டு மதகும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னால், இரண்டையும் என்றைக்கும் மூடியே வைத்துவிட்டு விதியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லும். இருவருக்கும் முறை கிடைக்க வேண்டும் என்பதையும் நாம்தான் எழுத வேண்டும். விதி எழுதுவதும் ஒரு கலைதான்.

ஆடு ஒன்றாக இருந்தவரை கணக்கு சரிப்பட்டது. ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாத பல ஆடுகள் என்றால்? 1990-ல் அமீர் ப்னுவேலி, ரோனி ரோஸ்னர் என்ற இஸ்ரேலிய அறிஞர்கள், பொதுவாக இதற்கு வழியே கிடையாது என்று நிறுவினார்கள். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல. எல்லா விதிகளுக்கும் பொருந்தும் ஒரே முறை இருக்கவே முடியாது. ஆனால் விதியிலும் ஆட்களின் சந்திப்பிலும் சில நிபந்தனைகள் வைத்தால் கதவு திறக்கிறது. போலந்துக் கணித அறிஞர் வீஸ்வாவ் ஸியெலோங்கா 1987-லேயே அத்தகைய ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அதைப் புரிந்துகொள்ள நம் வாய்க்காலுக்குத் திரும்புவோம். ஒழுங்காக நடந்த ஒரு நாளின் வரிசை இது: மேல் திற, மேல் மூடு, கீழ் திற, கீழ் மூடு. நடுவிலுள்ள இரண்டைப் பாருங்கள். ‘மேல் மூடு’ ஒருவர் வேலை; ‘கீழ் திற’ மற்றவர் வேலை. இருவரும் சந்திக்கவே இல்லையென்றால், இந்த இரண்டில் எது முந்தியது என்று இருவருக்குமே தெரியாது. எனவே அந்த வரிசை நடக்கக்கூடியது என்றால், நடுவிலுள்ள இரண்டும் இடம் மாறிய இந்த வரிசையும் நடந்தே தீரும்: மேல் திற, கீழ் திற, மேல் மூடு, கீழ் மூடு. இதில் இரண்டு மதகும் திறந்து நிற்கின்றன. விதி போயிற்று! எவ்வளவு புத்திசாலியான ஆட்களை நிறுத்தினாலும் இதைத் தடுக்க முடியாது. இடையில் ‘சந்திப்பு’ என்று இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையைச் செருகினால்தான் அந்த இடமாற்றம் நின்றுபோகும். ரயில் நிலையங்களின் டோக்கன் அந்தச் சந்திப்பே. செல்போன் இருக்கிறதே என்பீர்கள். அந்த அழைப்பும் ஒரு சந்திப்புதான்.

இயற்பியல் ஆசிரியன் என்பதால் இங்கே ஒரு வார்த்தை. ஒளிகூட இடையே போய்ச் சேர முடியாத இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது என்று ஐன்ஸ்டைன் 1905-ல் காட்டினார். கணிப்பொறிகளுக்கும் இது பொருந்தும் என்பதைக் கண்டு லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை எழுதினார்.

ஸியெலோங்காவின் தேற்றம் சொல்வது இதுதான். தொடர்பில்லாத வேலைகளை இடம் மாற்றிய பின்னும் விதி அதை ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள். எல்லா இடமாற்றங்களையும் ஒப்புக்கொண்டால், எல்லைக்குட்பட்ட நினைவில் அடங்கும் எந்த விதியையும் ஆளுக்கொரு சீட்டாகப் பிரித்துவிடலாம். சேர்ந்து செய்யும் வேலையின்போது மட்டும் அவர்கள் செய்தி பரிமாறினால் போதும். பிரிக்கும் வழியும் அந்த நிரூபணத்திலேயே இருக்கிறது.

ஆனால் நிரூபணம் மிகக் கடினமானது. அதன் உள்ளே ஒளிந்திருக்கும் கேள்வியோ நம் டீக்கடைக் கேள்வி. மூன்று மதகுகள் என்று வையுங்கள். நடுமதகுக்காரர் கடைமதகுக்காரரைச் சந்தித்து, “மேல்மதகு திறந்திருக்கிறது” என்கிறார். கடைமதகுக்காரரோ, “மூடியாயிற்று என்று கேள்விப்பட்டேனே” என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. யார் சொன்ன சேதி புதிது?

ஒவ்வொரு சேதிக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டால் தீர்ந்தது. ஆனால் எண் வளர்ந்துகொண்டே போகும். பொறியின் நினைவுக்கு எல்லை உண்டு. பழைய எண்களையே திரும்பப் பயன்படுத்தலாமென்றால், பழைய ‘5’ இன்னும் யார் நினைவிலாவது தங்கியிருக்குமோ என்ற பயம். இதைத்தான் சென்னையிலிருந்து மாதவன் முகுந்தும், மிலிந்த் சோஹோனியும் ஆராய்ந்து 1993-ல் விடை வெளியிட்டார்கள். விரிவான வடிவம் 1997-ல் வந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘வம்பு’ என்ற சொல்லுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்! முகுந்த் பணியாற்றும் நிறுவனம் 1989-ல் சென்னையில் கணிதப் பள்ளியாகத் தொடங்கியது. இன்று சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமாக இயங்குகிறது.

அவர்கள் கண்ட வழி இது. ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பற்றித் தாம் கேட்ட கடைசிச் சேதியை வைத்துக்கொள்கிறார். அந்த மற்றவர்கள் யாரைப் பற்றி என்ன கேட்டிருந்தார்கள் என்பதையும் வைத்துக்கொள்கிறார். அதற்கும் மேலே ஓர் அடுக்கு. ‘அவருக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்’ என்பதுபோல் மூன்று அடுக்கு. எது புதிய சேதி என்று தீர்மானிக்க முதல் இரண்டு அடுக்கே போதும். ஓர் எண் மூன்றாம் அடுக்கிலும் இல்லாவிட்டால் அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்று பொருள்; அச்சமின்றி மறுபடி பயன்படுத்தலாம். நான்காம் அடுக்கு தேவையே இல்லை. இதற்காகத் தனியே ஆள் அனுப்பவும் வேண்டாம். வழக்கமான சந்திப்புகளிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது.

விலை இல்லாமல் இல்லை. பத்துப் பேர் என்றால் மூன்று அடுக்குக்கு ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஆயிரம் குறிப்புகள் சுமக்க வேண்டும். இவற்றைக் கொண்டு கட்டும் பொறிகளின் நிலைகளோ ஆட்கள் கூடக் கூட மலைபோல் பெருகும். அதனால் இம்முறை பெரிய அமைப்புகளுக்கு இன்னும் எட்டவில்லை. சிறு மின்சுற்றுகளை விதியிலிருந்தே கட்டும் கருவிகள் மட்டும் இருக்கின்றன. இன்று கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் கணிப்பொறிகளும் வந்துவிட்டன. ஆனால் அவை எழுதியது எந்த வரிசையிலும் தவறாது என்ற நிரூபணம் கூடவே வருவதில்லை.

நீங்களே ஒரு சிறு விதியைப் பிரித்துப் பாருங்கள். ஒரே வாய்க்காலில் மூன்று மதகுகள். எந்த நேரத்திலும் இரண்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் முறை வந்தே தீர வேண்டும். மேல்மதகுக்காரரும் கடைமதகுக்காரரும் நேரில் சந்திப்பதே இல்லை. நடுமதகுக்காரர் இருவரையும் சந்திப்பார். எத்தனை டோக்கன் வேண்டும், யார் எப்போது யாரிடம் கொடுக்க வேண்டும்? மூன்று சீட்டுகளாக எழுதி, மூன்று நண்பர்களிடம் கொடுத்து, ஒருவர் மற்றவர் சீட்டைப் பார்க்காமல் ஆடச் சொல்லுங்கள்.