கொலோன் நகரத் தலைவரும் தொரப்பள்ளி தந்த சேர்மனும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பின் குமாரராக 1878இல் பிறந்த ராஜகோபாலாச்சாரியார் கவர்னர் ஜெனரலாக உயர்ந்ததை அறியாதார் இல்லை. 1917 முதல் 1919 வரை அவர் சேலம் நகரசபையின் சேர்மனாக இருந்ததை நினைப்போர் மிகச் சிலரே.

அதே 1917இல்தான், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் மாநகரம் கொன்ராட் அடேனாயரைத் தன் மேயராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு அளிக்கப்பட்ட தவணை 12 ஆண்டுகள். முதல் மகாயுத்தத்தின் முடிவில் இடிக்கப்பட்ட கோட்டை அரண்களின் நிலத்தை மனைகளாகத் துண்டாட விடாமல், நகரைச் சூழ்ந்த பசுஞ்சோலை வளையமாக்கியதும், 1919இல் பழைய சர்வகலாசாலைக்குப் புத்துயிர் அளித்ததும், 1930இல் ஃபோர்டு கம்பெனியின் மோட்டார்த் தொழிற்சாலையைத் தன் ஊருக்கு வரவழைத்ததும், நீண்ட தவணையும் நிறைந்த அதிகாரமும் ஒருவரிடம் ஒருங்கே சேர்ந்ததனால் விளைந்த காரியங்கள் என்றே கருதுகிறேன். 1929இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மறுபடி தேர்வானவர், 1933இல் ஹிட்லர் வருகைக்காகப் பாலத்தில் கட்டப்பட்டிருந்த நாஜிக் கொடிகளை அகற்றச் செய்து, அவ்வாண்டே பதவியிழந்தார். 1949இல், தமது 73ஆம் வயதில், மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலரானார்.

சேலத்துச் சேர்மனுக்கோ கிடைத்தவை இரண்டே வருஷங்கள். ஆயினும், தீண்டாமை ஊறிக் கிடந்த அக்காலத்தில் ஆதிதிராவிடர் ஒருவர் முதன்முதலாக அந்த நகரசபையில் அங்கத்தினராக அமர அவர் துணைநின்றார். ஆயிரம் சோலைகளினும் அந்த ஓர் ஆசனம் எனக்கு மேலானதாகவே தோன்றுகிறது.

அவர் பிறந்த மண்ணின் கதை வேறு. கர்நாடக எல்லையோரத்து ஓசூரில், ராஜ்ய சர்க்காரின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் நிலம் வகுத்துக்கொடுக்க, லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் எழுந்தன. அவற்றை அழைத்ததில் நகரத் தலைவர் எவருக்கும் பங்கில்லை. ஊர் மாநகராட்சியானது 2019இல். ஆனால் 2016 முதல் 2022 வரை, தமிழகத்தின் மற்ற நகரங்களைப் போலவே, அங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022இல் வந்த முதல் மேயருக்கும் தவணை 5 ஆண்டுகள்தாம். நிர்வாக அதிகாரமோ கமிஷனரிடம். ராமநாயக்கன் ஏரியைக் காப்பதும், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய் நீர் கொண்டுசேர்ப்பதும் தேர்தலில் வென்றவரின் கையெழுத்தால் நடக்க வேண்டுமானால், அடேனாயருக்கு இருந்த அதிகாரத்தில் ஒரு பாதியையேனும் சட்டசபை ஓசூர் மேயருக்கு வழங்கியாக வேண்டும்.