17 வயதில் உலக சாம்பியன்... அப்புறம் ஏன் சறுக்கல்? ஆப்பிரிக்கக் கேள்விக்கு கடலூரில் ஒரு பதில்!

உலகக் கோப்பை வந்துவிட்டால் கடலூர், சிதம்பரம் டீக்கடைகளிலும் கால்பந்துதான் பேச்சு. ஒரு கேள்வி தவறாமல் எழும்... ஆப்பிரிக்க அணிகள் ஏன் இதுவரை அந்தக் கோப்பையைத் தொடவே இல்லை?

திறமைக்குப் பஞ்சமில்லை. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா மட்டுமே 5 முறை வென்றிருக்கிறது. ஆனால், சீனியர் உலகக் கோப்பையில் கேமரூன் (1990), செனகல் (2002), கானா (2010) மூன்றுமே காலிறுதியோடு வெளியேறின. 2022-ல் மொராக்கோ அரையிறுதி வரை போனதுதான் உச்சம்.

சிக்கல், சிறுவன் வீரனாக வளரும் இடைவெளியிலும் நிர்வாகத்திலும் இருக்கிறது. 2014-ல் போனஸ் தகராறால் கேமரூன் வீரர்கள் பிரேசிலுக்கு விமானம் ஏற மறுத்தார்கள். கானா வீரர்களுக்கு அரசு 30 லட்சம் டாலருக்கும் மேல் ரொக்கமாக விமானத்தில் அனுப்ப வேண்டியிருந்தது. பணம் வருமா என்ற கவலையோடு ஆடினால் கோப்பை எப்படி வரும்?

மொராக்கோ வேறு வழியில் போனது. தங்குமிடம், படிப்பு, பயிற்சி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க, மன்னர் ஆறாம் முகமது பெயரில் அகாடமி அமைத்தது. அங்கே வளர்ந்த என்-நெசிரி அடித்த கோல்தான் 2022 காலிறுதியில் போர்ச்சுகலை வீழ்த்தியது.

கடலூருக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு பயிற்சியாளர் மாரியப்பன், பாதிக்கப்பட்ட குடும்பத்துச் சிறுமிகளுக்குத் தங்குமிடம், படிப்போடு கால்பந்தும் கொடுத்தார். இதே கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், காவல்துறையில் எஸ்.ஐ. வேலையும் கிடைத்தது. 2018-ல் அவர் இடம்பெற்ற தமிழ்நாடு அணி, மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாக தேசிய சீனியர் மகளிர் சாம்பியன் ஆனது.

காலில் பந்து இருந்தால் மட்டும் போதாது. நாளைக்குச் சோறு உண்டு என்ற நிம்மதியும் வேண்டும்!